ஊசியை நிறுத்திய தவக்காலம்

என் மகளை என்னிடமிருந்து காப்பாற்ற அரசாங்கம் என் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. மறுநாள் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். நான் அப்போதுதான் குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். நானும் அரசாங்க ஊழியன்தான். கடத்தூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அரசாங்கம் என்றால் சம்பளம் போடுகிற இடம், விடுப்புக்கு எழுதிப் போடுகிற இடம் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அது வாசலில் வந்து நின்று, "பாப்பா எங்கங்க சார்?" என்று கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாராவது எழுதினால் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதுவார்கள், இல்லையென்றால் முட்டாள் என்று எழுதுவார்கள். முட்டாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த மாதிரி முட்டாள் என்பதை நானே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

மகளுக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போதே பிள்ளை இளைத்திருந்தாள். தண்ணீர் தண்ணீர் என்று குடிப்பாள். மூன்று வயதில் விட்ட பழக்கம் திரும்பி வந்து, படுக்கையை நனைத்துவிட்டு அழுவாள். வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்றேன். என் மனைவி என் பேச்சைக் கேட்காமல் கடத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்ட, அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, பிள்ளைகளுக்கு வருவது. உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிடும், வெளியிலிருந்து ஊசியில் ஏற்றியே ஆகவேண்டும், மாத்திரை கிடையாது. "எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டேன். "ஆயுசுக்கும்ங்க சார்" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். எந்தக் கணக்கானாலும் கடைசியில் விடை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துப் பழகியவன் நான். விடையே இல்லாத கணக்கு ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார்களே என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு நாளைக்கு நான்கு ஊசி. மனைவி போடுவாள், நான் காலைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளை கத்த மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முடிகிறவரை இருந்துவிட்டு, ஒவ்வொரு நாளும் கடைசி ஊசிக்குப் பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்பாள்: "நாளைக்குமாப்பா?" அவள் அம்மாவிடம் கேட்க மாட்டாள், என்னிடம்தான் கேட்பாள். நான் சொன்னால் நின்றுவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அப்பா சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். என் அப்பா காலத்திலிருந்து அப்படி. ஒவ்வொரு நாளும் "ஆமா சாமி" என்று சொல்லிச் சொல்லி எனக்கு நெஞ்சு கரித்துப்போனது. தொடையில் கன்றிப்போன இடங்களைப் பார்க்கவே முடியாது.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் உடன் வேலை செய்கிறவர் ஒருவர், பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் நாட்டு வைத்தியர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வயதான மனிதர், அமைதியானவர். ஒரு பாட்டிலில் பச்சைப் பொடி கொடுத்தார். "ஒரு மண்டலம் குடுங்க. இங்கிலீஷ் மருந்த சட்டுனு நிறுத்தீராதீங்க, டாக்டரயும் கேட்டுக்குங்க" என்றார். பின்னால் பலபேர் அவரைத்தான் திட்டினார்கள். அவர்மேல் பழிபோட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நிறுத்தாதே என்று அவர் சொன்னார். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மண்டலம் எல்லாம் அவங்க கணக்குங்க. நமக்கு எதுக்கு?" என்றாள் மனைவி. நாங்கள் பல தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். கணக்கு என்றதும் எனக்குக் கை பரபரத்தது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின சனி வரைக்கும் நாற்பத்தாறு நாள். ஈஸ்டரையும் அதற்கு அடுத்த திங்களையும் சேர்த்தால் சரியாக நாற்பத்தெட்டு, ஒரு மண்டலம். வைத்தியரின் மண்டலமும் நம் தவக்காலமும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன என்று மனைவியிடம் காட்டினேன். ஆண்டவரே கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல எனக்கு ஒரு சந்தோஷம். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த அன்றே பொடியை ஆரம்பித்தோம்.

தவக்காலத்தில் நான் ஒருசந்தி இருப்பேன். அதாவது ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் முழுச் சாப்பாடு. "நானும் ஒருசந்தி இருக்கறேம்ப்பா" என்றாள் மகள். பிள்ளைகளுக்கு அது கடமை இல்லை. ஆனாலும் அவள் கேட்டதில் எனக்குப் பெருமை. அரிசியை அடியோடு நிறுத்தினேன். சாமையில் இரண்டு கரண்டி, எலுமிச்சை அளவு களி, கீரை, முட்டை. மனைவி எனக்குத் தெரியாமல் அவளுக்கு எதையாவது ஊட்டப் பார்ப்பாள். பிள்ளையே, "அப்பா சொன்னாங்கம்மா, வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள்.

ஒரு நோட்டுப் போட்டேன். கிராஃப் பேப்பர் ஒட்டி, கீழே நாள், பக்கவாட்டில் சர்க்கரை அளவு. தினமும் விரலில் குத்திப் பார்த்துப் புள்ளி வைத்தேன். புள்ளிகள் இறங்கின. ஊசியின் அளவைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். அந்த இளம் டாக்டர் ஒரு விஷயத்தை விளக்கினார். "ஊசி ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல, உள்ள மிச்சம் இருக்கிறது கொஞ்சம் வேல செய்யுங்க சார். ஹனிமூன் பீரியட்னு பேரு. சர்க்கர நல்லா எறங்கும். சரியாயிருச்சுன்னு நெனச்சு ஊசிய நிறுத்தீராதீங்க, திரும்ப ஏறிடும்." பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. வெளியே வந்ததும் வேறொன்று தோன்றியது: பொடிக்குப் போகவேண்டிய பேரை ஆஸ்பத்திரிக்காரர்கள் தட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். என் முயலுக்கு நான் கிராஃபே போட்டு வைத்திருந்தேன்.

ஸ்கேலை வைத்துப் புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு இழுத்தேன். அதை அப்படியே நீட்டினேன். ஈஸ்டர் திங்களுக்குள் கோடு நோயில்லாத பிள்ளைகளின் அளவைத் தொட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் நான் தொண்டை கிழியச் சொல்வது ஒன்று உண்டு: கொடுத்த புள்ளிகளுக்கு அந்தப்பக்கம் கோட்டை நீட்டாதே, அங்கே என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. என் பிள்ளை விஷயத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பிள்ளை குறைவாகச் சாப்பிடுகிறாள், அதனால் குறைகிறது என்பதுகூடத் தோன்றவில்லை.

முப்பத்தொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஊசியை நிறுத்தினேன்.

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்தலாங்க" என்றாள் மனைவி.

"இதப் பாரு" என்று கிராஃபைக் காட்டினேன்.

"எனக்கு கிராஃப் எல்லாம் தெரியாதுங்க. எம்புள்ளைய எனக்குத் தெரியும்."

நான் குரலை உயர்த்தினேன். அவள் இன்சுலின் பெட்டியை ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். மகள் வந்து, "இன்னைக்கு ஊசி இல்லியா? நாளைக்கும் இல்லியாப்பா?" என்று கேட்டாள். "இல்ல சாமி, இனி இல்ல" என்றேன். அவள் வீடு முழுக்கக் குதித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அதைப் பார்த்த பிறகு, திரும்ப ஊசி என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் சர்க்கரை ஏறியதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்ததற்கு அதுதான் முதல் காரணம். ரோஷம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் ஐந்தாறு நாள் அளவு பெரிதாக ஏறவில்லை. அதன்பிறகு இருநூற்றுப் பத்து. மறுநாள் இருநூற்று அறுபத்தைந்து. அடுத்து முந்நூறைத் தாண்டியது. பொடி உடம்பிலிருக்கும் சர்க்கரையைக் கரைத்து ரத்தத்தின் வழியாக வெளியே தள்ளுகிறது என்று நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு பவனியில் நடந்துவந்த பிள்ளை, பாதியில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்த ஒரு வீட்டு வாசலில் குடம் குடமாகக் குடிக்கிற மாதிரி தண்ணீர் குடித்தாள். "பாப்பா வாயில பழ வாசன அடிக்குதுங்க" என்றாள் மனைவி. மாம்பழம் தின்றிருப்பாள் என்றேன். அந்த வருடம் மாம்பழம் இன்னும் சந்தைக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் கிராமத்து நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வீடு வீடாகப் போய்த் தடுப்பூசியும் கர்ப்பிணிகளும் பார்க்கிறவர். என் மனைவிக்குப் பேறுகாலத்தில் அட்டை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

"சார், பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி தேதி தவறிப்போச்சுன்னு தருமபுரியிலிருந்து போன் வந்துச்சுங்க. பாப்பாவ பாக்கலாங்களா?"

உட்காரவைத்து, டீ கொடுக்கச் சொல்லி, நோட்டை விரித்து அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கிராஃப் அழகா போட்டிருக்கீங்க சார். பாப்பா எங்கங்க?" என்றார். உள்ளே படுத்திருந்தவளை எழுப்பி, முகத்தருகில் குனிந்து மூச்சை முகர்ந்தார். தன்னுடைய மீட்டரில் பார்த்தார். நானூற்றைத் தாண்டியிருந்தது.

"சார், இப்பவே கெளம்பணும். நான் நூத்தியெட்டுக்குப் போன் பண்றேன்."

"வேணாங்க. இன்னும் ஆறு நாள்தான் இருக்குது. ஈஸ்டர் திங்க வரைக்கும் பொறுங்க."

"ஆறு நாள் தாங்காதுங்க சார்."

"எம்புள்ள. எம்பொறுப்பு. நான் எழுதியே குடுக்கறேன்."

எழுதினேன். அரசாங்கத்தில் இருப்பவனுக்கு இருக்கிற மூடநம்பிக்கை இது. எதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, பொறுப்பு கை மாறிவிட்டது, எதிராளி வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான். 'என் மகளுக்கு ஊசி மருந்து செலுத்த எனக்கு விருப்பமில்லை. இதனால் ஏற்படும் விளைவுகளுக்கு நானே முழுப் பொறுப்பு' என்று நல்ல தமிழில், ஒரு பிழையில்லாமல், பதவியின் பெயரோடு கையெழுத்திட்டுத் தேதி போட்டுக் கொடுத்தேன். நர்ஸம்மா அதை இரண்டு முறை படித்தார். வாசலுக்குப் போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டார். நான் அவரைப் போகச் சொன்னேன். "போங்க" என்று சொல்லவில்லை, "கெளம்புங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த மரியாதையை இப்போது நினைத்தால் கூசுகிறது. போகும்போது அவர் என் மனைவியை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்தவர்கள் நான்கு பேர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண். என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். ஒரு பெண் போலீஸ். நர்ஸம்மா. பின்னால் நூற்றியெட்டு ஆம்புலன்ஸின் ஆள். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு. பிள்ளையை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிகிச்சை கொடுக்கவேண்டும், பெற்றோர் தடுத்தாலும் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அடியில் என் கடிதத்தின் நகல். அதை ஆதாரமாக வைத்துத்தான் ராத்திரியோடு ராத்திரியாக உத்தரவு போட்டிருந்தார்கள்.

"இது நீங்க எழுதுனதுதானுங்களே சார்?"

"ஆமா."

"பாப்பாவ கூட்டிட்டுப் போறங்க. நீங்களும் வரலாம்."

"அனுப்ப முடியாது. அது எம்புள்ள."

"உங்க புள்ளதானுங்க சார். இல்லைன்னு யாரும் சொல்லலீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். வாசற்படியின் குறுக்கே, இரண்டு பக்கமும் கை வைத்து நின்றேன். என் வீட்டு வாசலில் நான் நிற்கிறேன், யார் என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு வீம்பு.

பின்னாலிருந்து, "தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கால்கள் அவள் முழங்காலுக்கும் கீழே தொங்கின. இன்னொரு கையில் பை. ஆஸ்பத்திரி ஃபைல், மாற்றுத் துணி, டம்ளர், எல்லாம் முந்தின நாளே எடுத்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கை தானாக இறங்கியது. அவள் என்னைத் தாண்டிப் போனாள். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மூச்சு வேகமாக, ஓடி வந்தவள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

வண்டி போய்விட்டது. நான் பஸ்ஸில் பின்னால் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்: அந்த பஸ்ஸில் நான் பிள்ளைக்காக ஜெபம் பண்ணவில்லை. கிராஃப் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களை எந்தச் சட்டத்தில் மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

வார்டில் அவளுக்கு இரண்டு கையிலும் குழாய் ஏறிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், விழிக்கவில்லை. அந்த இளம் டாக்டர்தான் இருந்தார். ரத்தம் அமிலமாகிவிட்டது, வாயில் அடித்த பழ வாசனை அதனால்தான் என்றார். "சாயந்தரம் வரைக்கும் விட்டிருந்தா எங்க கையில இல்லீங்க சார். இப்பவும் நாளைக்குக் காலையிலதான் சொல்ல முடியும்." அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் வார்டுக்கு வெளியே நடையில் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அழுதேன். ஆள் நடமாட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், வாயை விட்டு அழுதேன்.

பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் எனக்கு அந்த நடையிலேயே கழிந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை கண் விழித்து, அம்மாவிடம் இட்லி கேட்டாள். உத்தரவுப்படி நான் அவளைப் பார்க்கலாம். கூட்டிப் போக முடியாது. நான் கொடுக்கிற எதையும் நர்ஸிடம் கேட்காமல் அவளுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அனுமதிக்கு நின்றேன். உள்ளே போனதும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சாரிப்பா. ஒருசந்திய நா முடிக்கல."  அவள் தன்மேலேயே தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் எந்த அதிகாரியும் எனக்குக் கொடுத்திருக்க முடியாத தண்டனை அது.

அடுத்த வாரம் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் நின்றோம். ஒரு நீளமான மேஜை, அந்தப்பக்கம் நான்கு பேர். நடுவில் இருந்த அம்மாவைப் பார்த்தால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை மாதிரி இருந்தார். அவ்வளவு பட்டும் நான் கிராஃப் நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். என்னை முட்டாளாகப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"முப்பத்தாறாம் நாளோட புள்ளி நின்னு போச்சுங்களே சார். அதுக்கப்புறம் பாக்கலீங்களா?"

"பாத்தங்க."

"எவ்வளவு இருந்துச்சு?"

சொன்னேன். ஒவ்வொன்றும் மனப்பாடமாக இருந்தது.

"அத ஏன் புள்ளி வெக்கல?"

மனைவி பக்கத்தில் நின்றாள். எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். பேனா இல்லை, மறந்துவிட்டேன், பிள்ளை தூங்கிவிட்டாள். "கோடு கெட்டுப்போயிரும்னு வெக்கலீங்க" என்றேன். பரீட்சையில் ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன். அந்த அம்மா நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "இது ஒன்னு உண்மையா சொல்லிட்டீங்க" என்றார்.

பிள்ளை வீட்டுக்கு வரலாம். மருந்து விஷயத்தில் முடிவு இனி அம்மாவுடையது. நர்ஸம்மா வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார், ஊசி போடச் சொல்லிக்கொடுக்கிற ஆஸ்பத்திரி வகுப்புக்கு நான் போகவேண்டும், ஒரு வருடம் கண்காணிப்பு. இதுதான் உத்தரவு.

ஆரம்பத்தில் எனக்குக் கசந்தது. வெள்ளிக்கிழமை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஏற்கனவே பாய்ச்சிய மரத்துக்கே மறுபடி பாய்ச்சியிருக்கிறேன். நர்ஸம்மாவும் விடமாட்டார். "சார் இல்லீங்களா? சரி, ஒக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கறேன்" என்று சத்தமாகச் சொல்வார். ஒருநாள் தோற்றுப்போய் உள்ளே வந்து உட்கார்ந்தேன். வகுப்பில் முதலில் உப்புநீர் ஏற்றிய ஊசியை எனக்கு நானே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நினைத்த அளவு வலிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்ததைத்தான் பிள்ளையின் வலி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

மகள் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். எத்தனை இட்லிக்கு எத்தனை யூனிட் என்று என்னைவிட வேகமாகச் சொல்வாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படிச் சரியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், ஐந்து நாள் தொடர்ந்து அவள் சர்க்கரை அளவு அழகாக இருந்தது. ஆறாம் நாள் காலை மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'ஒருவேளை' என்று என் மனசுக்குள் ஒன்று எட்டிப்பார்த்தது. அவ்வளவும் பார்த்த பிறகும்!  யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நர்ஸம்மா வருகிற நேரத்துக்கு முன்பே வாசலில் போய் நின்றேன்.

ஒரு வருடம் முடிந்து குழு மறுபடி கூப்பிட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அறிக்கைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க. கேஸ இன்னையோட க்ளோஸ் பண்றோம் சார்" என்றார் அந்த அம்மா.

"க்ளோஸ் பண்ண வேணாங்க" என்றேன்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். மனைவிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச வருசம் இருக்கட்டுங்க. நர்ஸம்மா வரட்டும். எனக்கு அது வேணுங்க."

"அப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லீங்க சார்" என்று சிரித்தார் ஓரத்தில் இருந்தவர். நடுவில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. "நாங்க எத்தன நாளைக்குங்க சார் உங்க வூட்டுக்கு வர முடியும்? வூடுன்னா வூட்ல இருக்கறவங்கதான் பாத்துக்கோணும்" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கடத்தூர் பஸ் கிடைத்தது. மூன்று பேர் சீட்டில் மகள் நடுவில் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் கேட்டாள்:

"ப்பா, எதுக்கு க்ளோஸ் பண்ண வேணாம்னு சொன்னீங்க?"

"பயமா இருக்குது சாமி."

"ஊசிக்கா?"

"இல்ல. எனக்கு எம்மேலயே பயம். திரும்ப எப்பவாச்சும் நிறுத்தச் சொல்லிருவனோன்னு."

அவள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று சொல்கிற குரலில், கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாள்:

"அதுக்கு எதுக்குப்பா பயப்படறீங்க? இனிமே ஊசி வேணாம்னு நீங்க சொன்னா நா கேக்க மாட்டேன்."

என் அப்பாவிடம் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. அவர் சொல்ல நான் கேட்டேன், நான் சொல்ல இவள் கேட்டாள், கேட்டுக் கேட்டு இவள் சாகக் கிடந்தாள். மனைவி முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"கேக்காத சாமி" என்றேன். "நா அழுது கெஞ்சினாலும் கேக்காத."

"சரிப்பா" என்றாள்.